கே.ஆர். கௌரியம்மாவும் கேரள நிலச் சட்டமும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களை இயற்றின என்றாலும், குத்தகை முறையையே வேரோடு அகற்றி, உழுதவர் கையில் உரிமையை ஒப்படைத்த மாநிலங்கள் மிகச் சிலவே. அவற்றுள் முன்னிற்கும் கேரளத்தில், அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலும் நிறைவிலும் வருவாய்த் துறை அமைச்சராக இருந்தவர் கே.ஆர். கௌரியம்மா (1919–2021). முதலமைச்சர் பதவியை ஒருபோதும் வகிக்காத அவருடைய அரசியல் வாழ்க்கையை மதிப்பிடுவதற்கு, அவர் வகித்த பதவிகளைவிட அந்தச் சட்டத்தின் வரலாறே தக்க அளவுகோலாகும்.

கேரளத்தின் பழைய நில உடைமை முறை பல அடுக்குகளைக் கொண்டது. நிலத்தின் மீது பரம்பரையான முழு உரிமை உடையவர் ஜன்மி எனப்பட்டார். அவருக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து நிலத்தைக் கையில் வைத்திருப்பது காணம் என்றும், ஜன்மியின் விருப்பம் உள்ளவரை மட்டும் வாரம் அளந்து உழுவது வெறும்பாட்டம் என்றும் வழங்கின. தவணை முடிந்ததும் கூடுதல் தொகை தருபவருக்கு அதே நிலத்தை எழுதிக்கொடுத்து, பழைய குடியானவரை அப்புறப்படுத்தும் மேல்சார்த்து என்னும் வழக்கமும் இருந்தது. திருவிதாங்கூரில் அரசு நிலங்களை உழுதவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் பாட்ட விளம்பரம் உடைமை உரிமை வழங்கியது. ஆனால் ஜன்மிகளின் நிலங்களில் நிலைமை வேறாகவே நீடித்தது. முதலில் சென்னை மாகாணத்தோடும் பின்னர் சென்னை மாநிலத்தோடுமாக 1956 வரை இணைந்திருந்த மலபாரில் ஜன்மிகளின் பிடி இன்னும் இறுக்கமாக இருந்தது. அங்குள்ள குடியானவர்களின் நிலையை ஆராய்ந்த வில்லியம் லோகன், 1880களின் தொடக்கத்திலேயே அவர்களுக்குப் பாதுகாப்பு தேவை என்று அரசுக்கு எடுத்துரைத்தார்.

இந்தப் பின்னணியில், ஆலப்புழை வட்டாரத்தில் சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில், 1919ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், ஓரளவு வசதியுள்ள ஈழவக் குடும்பமொன்றில் கௌரி பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பையும் திருவனந்தபுரத்தில் சட்டப் படிப்பையும் முடித்த அவர், ஈழவச் சமூகத்தின் முதல் பெண் சட்டப் பட்டதாரியாகக் கருதப்படுகிறார். 1946ஆம் ஆண்டு அக்டோபரில் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்து, துப்பாக்கிச் சூட்டில் பெருந்தொகையினர் மாண்ட புன்னப்புரா–வயலார் கிளர்ச்சியின் ஒரு களமான வயலார், அவருடைய ஊருக்கு அண்மையில் உள்ளது. தொழிற்சங்கத்தில் ஈடுபட்டிருந்த அண்ணன் சுகுமாரனின் தாக்கமும் சேர, சேர்த்தலையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய கௌரியம்மா 1948இல் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சிறைவாசத்தையும் காவல்துறையின் கொடுமைகளையும் அனுபவித்த அவர், 1952இலும் 1954இலும் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மொழிவழி மாநிலமாகக் கேரளம் உருவான பின் நடந்த முதல் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வென்று, 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் 11 பேர் கொண்ட அமைச்சரவை பொறுப்பேற்றபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண்ணான கௌரியம்மாவிடம் வருவாய்த் துறை ஒப்படைக்கப்பட்டது. ஆறே நாள்களில், ஏப்ரல் 11ஆம் நாள், குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றும் நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இந்த வரிசைமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. நிலச்சீர்திருத்தம் வரப்போகிறது என்ற செய்தி பரவியவுடனேயே உடைமையாளர்கள் குடியானவர்களை முந்திக்கொண்டு வெளியேற்றிவிடுவதும், சட்டம் நடைமுறைக்கு வரும்போது அதன் பயனைப் பெற வேண்டியவர் நிலத்திலேயே இல்லாமற்போவதும் பல மாநிலங்களில் நிகழ்ந்த கேடுகளாகும். உழுபவரை முதலில் அவர் நின்ற இடத்திலேயே நிலைநிறுத்திவிட்டு, அதன் பின்னரே உரிமையை வரையறுக்கத் தொடங்கியதால், கேரளத்தில் அந்தக் கேட்டுக்குப் பெரும்பாலும் வழியடைக்கப்பட்டது.

1957 டிசம்பரில் கௌரியம்மா சட்டமன்றத்தில் முன்வைத்த வேளாண் உறவுகள் மசோதா, நீண்ட விவாதத்துக்குப் பின் 1959 ஜூனில் நிறைவேறியது. அதே மாதத்தில், கல்விச் சட்டத்தாலும் நிலச் சட்டத்தாலும் பாதிக்கப்பட்டதாகக் கருதிய தரப்புகள் ஒன்றுதிரண்டு நடத்திய விமோசன சமரம், அதாவது ‘விடுதலைப் போராட்டம்’ என்று பெயர்சூட்டப்பட்ட கிளர்ச்சி, உச்சத்தை எட்டியது. ஜூலை 31ஆம் நாள் அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது. பின்னர் திருத்தங்களோடு 1961இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற அச்சட்டம், முன்பு தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பகுதிகளின் ரயத்துவாரி நிலங்களுக்கு, அதாவது உடைமையாளர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய நிலங்களுக்கு, செல்லாது என்று அதே ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் இடத்தில் ஆர். சங்கர் தலைமையிலான காங்கிரஸ் அரசு கொண்டுவந்த 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் முந்தையதைவிட மென்மையானதாக இருந்தது.

இதற்கிடையே 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபோது கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சியிலும், 1957இல் அவரை மணந்தவரும் அதே அமைச்சரவையில் உடன் பணியாற்றியவருமான டி.வி. தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் நின்றனர். 1967இல் அமைந்த ஈ.எம்.எஸ்ஸின் இரண்டாவது அமைச்சரவையில் இருவரும் வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்களாக இடம்பெற்றனர். கட்சிப் பிளவு இல்வாழ்க்கையையும் பிரித்துவிட்டது. வருவாய்த் துறைக்கு மீண்டும் பொறுப்பேற்ற கௌரியம்மாவின் முயற்சியில் உருவான திருத்தச் சட்டம் 1969இல் நிறைவேறி, சி. அச்சுத மேனன் ஆட்சியின்போது 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

அன்று தொட்டு, குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களின் மீது ஜன்மிக்கும் இடைநின்றவர்களுக்கும் இருந்த உரிமை அரசைச் சார்ந்தது. நியாயமான பாட்டத்தின், அதாவது குத்தகைத் தொகையின், 16 மடங்கைத் தவணைகளில் செலுத்தி உழுதவர் உடைமையாளராகலாம் என்றும், புதிய குத்தகை எதுவும் செல்லாது என்றும் சட்டம் வகுத்தது. இச்சட்டத்தின் மற்றொரு தூண் குடிகிடப்பு உரிமை. பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ இசைவு பெற்ற, சொந்த மனையில்லாத ஏழையே குடிகிடப்புக்காரர். அவருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் வரை, சந்தை விலையின் காற்பங்குக்கு வாங்கும் உரிமை கிடைத்தது. நில உடைமையாளர் கட்டித்தந்த வீடாயின், கட்டிய காலத்தில் 750 ரூபாய்க்கு மேல் செலவாகாததும், அல்லது மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை தேறாததும் குடிசையே என்று சட்டம் வரையறுத்ததைப் பார்க்கும்போது, வழக்காடி உரிமையை மறுக்க இடம் தராதவாறு எத்துணைக் கவனத்தோடு அது எழுதப்பட்டது என்பது புலனாகும்.

காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், 13 நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற இயலாது என்ற கோட்பாட்டை நிறுவியது.

சட்டத்தின் குறைகளும் மறைக்கத்தக்கவை அல்ல. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பிலிருந்து தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. குத்தகைதாரராக இல்லாமல் கூலிக்கு உழைத்த தலித் மக்களில் பெரும்பாலோருக்குக் குடிசை நின்ற மனை கிடைத்ததேயன்றி வயல் கிடைக்கவில்லை. பழங்குடியினர் இழந்த நிலங்களை மீட்டுத்தர 1975இல் இயற்றப்பட்ட சட்டம் நெடுங்காலம் செயற்படுத்தப்படவேயில்லை. அந்தப் பொறுப்பைத் தளர்த்தும் மசோதா 1990களின் பிற்பகுதியில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருங்கே ஆதரித்த நிலையில், தனியொருவராக அதை எதிர்த்தவர் கௌரியம்மாவே.

அப்போது அவர் மார்க்சிஸ்ட் கட்சியில் இல்லை. 1987ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரே முதலமைச்சராவார் என்று மக்கள் பரவலாக எதிர்பார்த்திருந்தும் அப்பதவி ஈ.கே. நாயனாருக்குச் சென்றது, கௌரியம்மா தொழில்துறை அமைச்சரானார். 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட அவர், ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி, அதாவது மக்களாட்சிப் பாதுகாப்புக் குழு, என்ற கட்சியைத் தொடங்கி, முன்பு எதிர்த்து நின்ற, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியின் அரசில் 2001 முதல் 2006 வரை அமைச்சராக இருந்தார். அரூர் தொகுதி அவரைப் பலமுறை தேர்ந்தெடுத்து, 2006இல் கைவிட்டது. 2021ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், 101ஆம் வயதில் அவர் காலமானார்.

கேரளத்துக்கு இன்றுவரை ஒரு பெண் முதலமைச்சர் வாய்க்கவில்லை என்பது அந்த மாநிலத்து அரசியலின் குறை. குடியானவர் என்ற சொல்லுக்கே அங்கு இன்று சட்டப் பொருள் இல்லாமற்போனது கௌரியம்மாவின் சாதனை. நிலமற்ற கூலிகளுக்கும் பழங்குடியினருக்கும் அச்சட்டம் விட்டுவைத்த கடன், அவருக்குப் பின் ஆளவந்தவர்கள் தீர்க்க வேண்டியது.