எடைத்தராசும் மாமியாரும்

'உலக வங்கி' என்ற சொல் கண்ணில் பட்டால் நம் வட்டாரத்தில் மேற்கொண்டு வாசிப்பதில்லை. குழந்தையை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு அட்டையில் கோடு இழுப்பது உடல்களின் மீதான கண்காணிப்பன்றி வேறென்ன என்று நானும் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பேச்சு எடுபட்டது. தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன், பாதியைத்தான் பேசினேன்.

1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்குப் பின்னால் 1970களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உதவிப் பணத்தில் நடந்தது (அந்த அரசியலைத் தனியே பேசணும்). பசியின் அடி மூன்று வயதுக்குள்தான் பலமாக விழுகிறது. அன்றைய மதிய உணவோ பள்ளிக்கூட வாசலில் நின்றது. அதாவது, பள்ளிவரை நடந்துவரத் தெம்பிருந்த பிள்ளைக்குத்தான் சோறு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் எல்லோருக்கும் பங்காகிவிடும். பசித்த வீட்டில் வேறெப்படி நடக்கும்?

ஆகவே திட்டம் மாறியது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மாதந்தோறும் எடை. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு, அதுவும் மையத்திலேயே. எடை பார்த்தது வெள்ளைக்கோட்டு அதிகாரியல்ல, தன் பிள்ளைகளை நல்லபடியாக வளர்த்த உள்ளூர் ஏழைப் பெண். கடும் ஊட்டக்குறைவு குறைந்தது. நடுவில் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளைக்கும் வந்துவிட்டதால், எது எதனால் என்று பிரிப்பதில் சிக்கல் உண்டு. இருந்தாலும், எண்ணிப் பார்த்ததால்தான் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. கண்காணிப்பு என்று நான் பேசியபோது, கண்ணில் படாமலே செத்துப்போகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

வெற்றி பெற்ற திட்டம் ஒரு பிரதியாகிவிடுகிறது. 1995இல் அதை முன்மாதிரியாகக் கொண்டு வங்கதேசத்தில் ஒன்று தொடங்கினார்கள். அங்கேயும் தராசு, அட்டை, தாய்மாருக்கு அறிவுரை எல்லாம் உண்டு. 2003இல் பிரிட்டனின் 'சேவ் த சில்ரன்' அமைப்பு இதனால் பலன் உண்டா என்று கேட்டது. 2005இல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே ஆராய்ந்து, ஊட்டநிலையில் ஏற்பட்ட மாற்றம் சொற்பம் என்றது. தாய்மார் அறிவுரையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கற்றதைச் செய்ய வழியில்லை. சந்தைக்குப் போவது ஆண்கள். கூட்டுக்குடும்பத்தில் சமையல்கட்டு மாமியார் கையில்.

தமிழ் படித்தவனுக்கு எழுவாயைத் தேடுகிற பழக்கம் உண்டு. 'தாய் ஊட்டுகிறாள்' என்ற வாக்கியத்தில் எழுவாய் தாய்தான். அரிசியை வாங்கியவர் யார், அளந்து போட்டவர் யார் என்பது வாக்கியத்திலேயே இல்லை. தமிழகத்தில் ஓரளவு பொருந்திய அனுமானம் எல்லை தாண்டும்போது இயற்கை விதியாக உருமாறிவிட்டது. பத்தாண்டு கழித்து அதைக் கண்டுபிடித்தது கோட்பாட்டாளர்களல்ல, கணக்கெடுத்தவர்கள். அன்றைய கூட்டத்துக்காக நான் எழுதிய குறிப்புகளைத் தேடிப் பார்த்தேன். 'தாயின் உடல்' மூன்று இடத்தில் வருகிறது. மாமியார் எங்கேயும் இல்லை.