சைக்கிள் எங்கே நிக்குது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையத்துலேர்ந்து பதினொரு பேர் சைக்கிள்ல கிளம்பினோம். குன்னூர் ஏறி, அங்கேர்ந்து கோத்தகிரி போய், அந்தப் பக்கமா திரும்ப மேட்டுப்பாளையம் இறங்குறதுதான் திட்டம். கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அதனால நல்லா விடிஞ்ச பிறகுதான் மிதிக்க ஆரம்பிச்சோம். ரேஸ் எல்லாம் கிடையாது. எங்க குரூப்புக்கு ஒரே ஒரு விதி: சாப்பாடு கட்டிட்டு வரக்கூடாது. வழியில இருக்கிற சின்னக் கடையிலதான் சாப்பிடணும்.

பர்லியாறுல பலாச்சுளை, டீ. அதுவரைக்கும் எல்லாரும் ராஜா. அதுக்கப்புறம் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் இறங்கித் தள்ளினார். அந்த மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எடுத்துக்குதேன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். அன்னைக்கு அதுமேல மரியாதை வந்துடுச்சு.

குன்னூர்ல ஒரு காபிக் கடை, பேர் வேண்டாம். வேர்வையில தொப்பலா நனைஞ்சு உள்ள போனோம். எங்களை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, "உள்ள இடமில்ல சார், வெளிய நின்னு வாங்கிக்குங்க"ன்னாங்க. உள்ள நாலு மேசை காலி. எங்களோட வந்த ஒரு பொண்ணு சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டிருந்தா. அவளைப் பார்த்த பார்வை இன்னும் கொஞ்சம் நீளம். எல்லாருக்கும் கோபம். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா இதே காட்சி 1898-ல நடந்திருக்கு.

அந்தக் கதையச் சொல்லணும்னா, அதுக்கு இருபது வருஷம் முன்னாடி போகணும். 1878-ல இங்கிலாந்துல ஹாரோகேட்ங்கிற ஊர்ல சைக்கிள் பயணிகளுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1883-லேர்ந்து அதோட பேர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். கூட்டமா சைக்கிள்ல ஊர் சுத்துறவங்களுக்கு முதல் பிரச்சினை ரோடு. ரெண்டாவது பிரச்சினை சோறு. புழுதியோட வந்து நிக்கிறவனை எந்த விடுதிக்காரன் மதிப்பான்? அதனால கிளப்பே விடுதிகளோட பேசி ஒப்பந்தம் போட்டுச்சு: எங்க உறுப்பினர் வந்தா இன்ன விலைக்குச் சாப்பாடு, இன்ன விலைக்குப் படுக்கை. ஒத்துக்கிட்ட விடுதிகளோட சுவத்துல இறக்கை முளைச்ச சக்கரம் மாதிரி ஒரு இரும்புப் பலகை. அதைப் பார்த்தா நம்பி வண்டிய நிறுத்தலாம். இன்னைக்கு நம்ம போன்ல ஸ்டார் ரேட்டிங் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

1898 அக்டோபர்ல, சர்ரே மாவட்டத்துல ஆக்கம்ங்கிற ஊர்ல இருந்த ஹாட்பாய் ஹோட்டலுக்கு ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிள்ல வந்து இறங்குறாங்க. தரையைக் கூட்டுற கவுன் போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்ட முடியாதுன்னு, முழங்காலுக்குக் கீழ வர்ற தொளதொள கால்சட்டை போட்டிருந்தாங்க. பெண்கள் உடையை மாத்தணும்னு பிரசாரமே பண்ணினவங்க அவங்க. ஹோட்டல் நடத்தின திருமதி ஸ்ப்ரேக், "இந்த உடையில காபி அறைக்குள்ள விடமாட்டேன், வேணும்னா அந்தப் பக்கம் பார் அறையில உட்காருங்க"ன்னுட்டாங்க. சைக்கிள் கிளப் வழக்கு நடத்துச்சு. 1899-ல தீர்ப்பு: திருமதி ஸ்ப்ரேக் குற்றவாளி இல்ல. சீமாட்டி பக்கம் தோல்வி. ஆனா ஒரு பொம்பளை எந்த உடையில, எந்த மேசையில உட்கார்ந்து சாப்பிடலாம்னு நாடே பேச ஆரம்பிச்சது சைக்கிளாலதான்.

சரி, நம்ம ஊரு. தமிழ்நாட்டுல நடந்த பெரிய குரூப் ரைடு எதுன்னு கேட்டா, இப்ப இருக்கிற எந்த கிளப்பையும் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டையத்தான் சொல்வேன். 1990-களோட தொடக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக்கொடுக்கிறதோட சைக்கிளும் சொல்லிக்கொடுத்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்துல, 1,500-க்கும் அதிகமான பெண்கள் ஹேண்டில்பார்ல கொடி கட்டி, பெல் அடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கார். அவர் கவனிச்ச ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நிறைய பேருக்கு ஆண்கள் ஓட்டுற சைக்கிள்தான் வசதியா இருந்துச்சாம். அந்த நடுக்கம்பியில குழந்தைய உட்கார வைக்கலாமே!

அதே 1992, செப்டம்பர் மாசம். சான் ஃபிரான்சிஸ்கோவுல சுமார் ஐம்பது பேர் ஒண்ணாச் சேர்ந்து ஓட்டின ரைடுதான் கிரிட்டிகல் மாஸ்னு உலகம் பூரா பரவுச்சு. நகரத்துச் சைக்கிள் இயக்கத்தோட வரலாறு பெரும்பாலும் அங்கேர்ந்துதான் தொடங்கும். புதுக்கோட்டை அதுக்கு ஆறு மாசம் முந்தி. அந்த வரலாறுல நம்ம அக்காக்களுக்கு ஒரு வரிகூட கிடைக்கிறது அபூர்வம். இது எனக்கு நிஜமாவே எரிச்சல்.

நீலகிரியில கதை வேற. கீழே சமவெளியில மணிக்கணக்குல வாடகை சைக்கிள் எடுத்து முட்டியப் பேத்துக்கிட்ட தலைமுறை உண்டு. மலையில கியர் இல்லாத கனமான சைக்கிள வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தேயிலைத் தோட்டத்துல வேலைக்குப் போறவங்க நடந்தாங்க, பஸ் ஏறினாங்க. அதனால இங்க குரூப் ரைடுங்கிறது கீழேர்ந்து ஏறி வந்த பழக்கம். 2008-ல தொடங்கின டூர் ஆஃப் நீலகிரிஸ் அதுல முக்கியமானது. மசினகுடியிலேர்ந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவோட ஏறுற கல்லட்டி ரோடு இந்தியா முழுக்க சைக்கிள்காரங்களுக்குத் தெரிஞ்ச பேரானதுல அந்தப் பயணத்துக்குப் பங்கு உண்டு. எங்க பதினொரு பேர்லயும் மலைக்காரங்க யாரும் கிடையாது. சொல்லவே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

குன்னூர் காபிக் கடையில ஒண்ணும் வாங்காம கோத்தகிரி ரோட்டுல மிதிச்சோம். ரெண்டு பக்கமும் தேயிலை. ஒரு வளைவுல தகரக் கூரை போட்ட டீக்கடை. பதினொரு டீன்னதும் அக்கா முழிச்சாங்க, பாத்திரத்துல ஆறுக்குத்தான் பால் இருந்துச்சு. பாதிப் பாதியா ஊத்தி, கூட விறகடுப்புல சுட்ட வர்க்கி கொடுத்தாங்க. வர்க்கிய டீயில முக்கிச் சாப்பிடணும், ரெண்டு செகண்ட்தான், மூணாவது செகண்ட்ல உள்ள விழுந்துடும்.

அக்காவோட அப்பா கண்டிப் பக்கத்துலேர்ந்து வந்தவராம். 1964-ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா? இலங்கைத் தோட்டங்கள்ல இருந்தவங்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கும்னு கணக்குப் போட்ட ஒப்பந்தம். அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க 1968-லேர்ந்து இந்த மலையில அரசு தேயிலை நட்டுச்சு. பின்னாடி 1976-ல அதுதான் டான்டீ ஆச்சு. அக்காவும் இடுப்பு வலி வர்ற வரைக்கும் கொழுந்து பறிச்சவங்கதான்.

"வியாபாரம் எப்படிக்கா?"ன்னேன். "நீங்கதான் தம்பி நிக்கிறீங்க. கார்க்காரங்க கண்ணாடியக்கூட இறக்குறதில்ல"ன்னாங்க.

2024 மே மாசத்துலேர்ந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில 8,000-னு வரம்பும் வெச்சுச்சு. இந்த ரோடு தாங்காதுங்கிறது உண்மை, நான் அதை ஆதரிக்கிறேன். ஆனா சுற்றுலா குறைஞ்சா முதல்ல அடி விழுறது இந்த மாதிரி தகரக் கூரைக்குத்தான்னு வியாபாரிங்க சொல்றதையும் தள்ளிவிட முடியாது. பதினொரு சைக்கிள் வந்து அதைச் சரி பண்ணிடும்னு நான் பீலா விடப்போறதில்ல. அன்னைக்கு அந்தக் கடையில நாங்க கொடுத்தது 340 ரூபாய். ஆனா மலை ஏறுற சைக்கிள்காரனால நிக்காம போகவே முடியாது. அவனுக்குப் பசிக்கும். ஃபிரான்ஸ்ல வெலோசியோன்னு ஒரு பழைய சைக்கிள் குரு, மலையில கியர் வேணும்னு பல வருஷம் வாதாடினவர். பசி வர்றதுக்கு முன்னாடியே சாப்பிடுங்கிறது அவரோட உபதேசங்கள்ல ஒண்ணு. அவர் பேச்சக் கேட்டா, இந்த வழியில ஒவ்வொரு வளைவுலயும் ஒரு கடை பிழைக்கும்.

கிளம்பும்போது அக்கா வர்க்கி சுத்தின பேப்பர்ல போன் நம்பர் எழுதிக் கொடுத்தாங்க. "அடுத்த தடவை முந்தின நாளே சொல்லிடுங்க, பால் சேர்த்து வாங்கி வைக்கிறேன்."

அடுத்த ரைடுக்கு இதுவரைக்கும் பதினேழு பேர் பேர் கொடுத்திருக்காங்க. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். குன்னூர்லேர்ந்து மிதிச்சுக்கிட்டு வர்றதுக்கு யாராவது உள்ளூர்ப் பசங்க இருக்காங்களான்னு கேட்டேன். தன் தங்கச்சி பொண்ணு ஒருத்தி இருக்காளாம், சைக்கிள் மட்டும் இல்லையாம். எங்ககிட்ட ஒண்ணு உபரியா இருக்கு. சீட்டைக் கொஞ்சம் இறக்கணும்.