கூட்டி வகுத்த செங்கல்பட்டு

காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ‘திருவள்ளூர் மாவட்டத்தின் தனிநபர் வருமானம்’ என்ற எண் எதைச் சொல்கிறது? மாவட்டத்தில் உருவான மொத்த மதிப்பைத் தலைகளால் வகுத்தால் வருகிற எண் அது. யார் கைக்கு எவ்வளவு போனது என்பது அதில் இல்லை. இருப்பதாக நாம் வாசிக்கிறோம். குவியலைப் பற்றிய தகவலை ஆளைப் பற்றிய தகவலாக்கும் இந்தத் தாவல், இந்த மண்ணின் வரலாற்றெழுத்திலும் நடந்திருக்கிறது.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதி, பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. 1997இல்தான் திருவள்ளூர் அதிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்த ஜாகீரில் ஏறத்தாழ 2000 ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் கணக்கெடுத்தார். நிலம், ஏரி, வீடு, மானியம், விளைச்சல் எல்லாம் பதிவாயின. கம்பெனிக்குத் தேவைப்பட்டது வரி. இந்தக் கணக்கைத் தரம்பால் நம் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஜே. கே. பஜாஜும் எம். டி. சீனிவாஸும் அதை விரிவாக ஆராய்ந்து, தலைக்கு விளைந்த தானியம் மிகுதி என்று காட்டினார்கள். காலனிய வரலாறு வரைந்த பஞ்சைப் பரதேசிச் சித்திரத்துக்கு எதிராக இது முக்கியமான உழைப்பு. மறுக்க வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: ‘ஆகவே எல்லோரும் வயிறார உண்டார்கள்.’ இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? நூறு கலம் நெல்லைப் பத்துப் பேரால் வகுத்தால் தலைக்குப் பத்துக் கலம். களத்தில் ஒருவன் எழுபது கலத்தை அள்ளிக்கொண்டு போனாலும் சராசரி அதே பத்துதான். சராசரிக்கு வயிறு கிடையாது.

புள்ளியியலில் இதற்கொரு பழைய பாடம் உண்டு. 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கை வைத்து டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது. ஆள் ஆளாகப் பார்த்தாலோ, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவு. எழுத்தறிவு மிகுந்த இடங்களில் அவர்கள் போய்க் குடியேறியதே காரணம். கூட்டத்தின் குணத்தை ஆளின் தலையில் கட்ட முடியாது என்பதே பாடம்.

இதே செங்கல்பட்டின் இன்னொரு ஆவணம் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை. குடிசை போட்ட மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் அதுவும் போகும் என்ற நிலைமையை அது பதிவு செய்கிறது. அதைத் தொடர்ந்தே 1892 செப்டம்பர் 30இன் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது.

இடையில் நூறாண்டு ஓடிவிட்டதே, வெள்ளைக்காரன் வந்துதானே கெடுத்தான் என்பார்கள். சரி, கெடுத்திருக்கலாம். வரிச்சுமையின் கொடுமை பொய்யில்லை. ஆனால் ஒன்றுக்குப் பின் வந்தது அதனாலேயே வந்தது என்று முடிவுகட்டுவது இன்னொரு தாவல். 1818இல் அச்சான எல்லிஸின் மிராசு உரிமை பற்றிய பதில்களிலேயே தொண்டைமண்டலத்துப் பண்ணையடிமைகள் இருக்கிறார்கள். ஆக, விளைச்சலும் அடிமைத்தனமும் ஒரே வயலில் இருந்திருக்க முடியும். பர்னார்ட் கணக்கிடம் கேட்க வேண்டியது தலைக்கு எவ்வளவு என்பதல்ல. களத்தில் யார் பங்கு எது, சேரிக்குப் போனது எவ்வளவு என்பதுதான்.

இந்தக் கேள்வி நம் பக்கத்துக்கும் உண்டு. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எந்த ஆண்டுவரை வழங்கியது, எந்தெந்த ஊரில், இதில் கைமாறியது எவ்வளவு? 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் நிலம் கேட்டுப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் செத்தார்கள். அவர்கள் கேட்டது சராசரியை அல்ல, குறிப்பிட்ட துண்டு நிலத்தை. தாசில்தார் மேசையில் மொத்த எண் எடுபடாது. சர்வே எண்ணும் ‘அ’ பதிவேட்டின் வரியும்தான் பேசும்.

புள்ளிவிவரமே அதிகாரத்தின் பொய் என்று ஒதுக்குவது சுலபம். அப்படி ஒதுக்கினால் டிரெமன்ஹீரையும் சேர்த்து இழப்போம். எண்ணைக் கண்டால் மூன்று கேட்போம்: யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள். மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.