விமானி மேல் விழுந்த பழி

உங்களில் சிலர் ராணுவத்தில் இருக்கிறீர்கள், சிலர் கருவிகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறீர்கள். இந்த வரலாறு உங்களுக்காக.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடும்போதே சக்கரங்கள் மடங்கி, வயிற்றுப் பகுதி தரையில் உரசும். இயந்திரக் கோளாறு எதுவும் கிடையாது. விமானியேதான் சக்கரத்தை மடக்கியிருப்பார்! ‘விமானியின் தவறு’ என்று எழுதிவிடுவார்கள். கவனக்குறைவு என்று சொல்வது எவ்வளவு வசதி பாருங்கள். வகுப்பறையிலும் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

1943-இல் ரைட் ஃபீல்டு விமானப்படை ஆய்வுக்கூடத்தில் இருந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் வேறு விதமாக யோசித்தார். இதே தவறு சி-47 சரக்கு விமானத்தில் ஏன் நடப்பதில்லை? விமானி அறையைப் பார்த்ததும் விடை கிடைத்தது. தரையிறங்கியதும் இறக்கையின் பின்பக்க மடல்களை, அதாவது ஃபிளாப்புகளை, உள்ளே இழுக்க வேண்டும். பி-17-இல் அதற்கான சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருந்தன. சி-47-இல் அப்படி இல்லை. பல மணி நேரம் பறந்து களைத்த கை எதைத் தொடும்?

அவர் சொன்ன வழி மிக எளியது. சக்கர விசையின் முனையில் சிறு ரப்பர் சக்கரம், ஃபிளாப் விசையில் ஆப்பு வடிவத் துண்டு. இருட்டிலும் கைக்கே தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் அந்த விசையின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் விமானிகள் சொன்ன 460 தவறுகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதி, ஒரு விசைக்குப் பதில் வேறொன்றை இயக்கியவை. இயந்திர வேகம், சுழல்விசிறி, எரிபொருள் கலவை ஆகிய மூன்று விசைகளின் வரிசை பி-25, சி-47, சி-82 விமானங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி! ஒன்றில் நன்றாகப் பழகியவர் அடுத்ததில் ஏறினால், கற்ற பழக்கமே அவரைக் கவிழ்க்கும். பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டும்.

பி-17 மொத்தம் 12,731 கட்டப்பட்டன. வரைபடமாக இருந்த நாளிலேயே ஒரு விமானியை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தொடச் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ பேரின் பதிவேட்டில் அந்தப் பழி ஏறியிருக்காது.

உங்கள் பணியிடத்தில் இப்படிக் கையைக் குழப்பும் கருவி இருந்தால் எழுதுங்கள் பிள்ளைகளே. படிக்கக் காத்திருக்கிறேன்.