ஒரு கிருமியின் குடிவழி

மட்டக்களப்பின் படுவான்கரையிலே, எங்கள் வெல்லாவெளி போன்ற ஊர்களிலே, ஒருவரை அறிய வேண்டின் முதியோர் அவருடைய குடியைக் கேட்பர். குடி தாய்வழியே வருவது. தாய், தாயின் தாய் எனப் பின்னோக்கிச் சென்றால் உறவின் வேர் புலப்படும். கிருமிக்கும் இத்தகைய குடிவழி உண்டென்று இன்றைய விஞ்ஞானம் காட்டுகின்றது.

ஈரலை அழிக்கும் 'சீ' வகை ஈரலழற்சி வைரசு 1989இல் கண்டறியப்பட்டது. அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஏடு போன்றது. கிருமி பெருகும்போதெல்லாம் அவ்வேட்டைப் படியெடுப்பதில் பிழைகள் நேர்கின்றன. பாடபேதங்களை ஒப்புநோக்கிச் சுவடிகளின் மூலத்தைத் தேடும் பதிப்பாசிரியர் போல, இப்பிழைகளைக் கொண்டே அறிஞர் கிருமியின் கிளைகளை வகுத்தனர். பெருவகைகள் எட்டு. எங்கே கிளைகள் மிகப் பலவோ அங்கேதான் அவ்வகை நெடுங்காலம் வாழ்ந்தது என்பது அவர்தம் துணிபு. அவ்வாறு நோக்கின் முதலிரு வகைகளுக்கும் மேற்கு ஆபிரிக்கா, நான்காவதற்கு மத்திய ஆபிரிக்கா, ஆறாவதற்குத் தென்கிழக்காசியா, மூன்றாவதற்கு நமது தெற்காசியா தாயகமாகின்றன. எட்டாவது வகை, பஞ்சாபிலிருந்து கனடா சென்றோரிடம் காணப்பெற்று 2018இல் வெளியாயிற்று.

ஆங்காங்கே ஒடுங்கிக் கிடந்த கிருமி உலகெங்கும் பரவியது எவ்வாறு? இவ்விடத்தில் கிருமியின் வரலாறு மனிதனின் வரலாறாகி விடுகின்றது. இரண்டாம் வகையின் சில கிளைகள் கரீபியன் தீவுகளை அடைந்த வழியில் அடிமைக் கப்பல்களின் தடம் தெரிகின்றது. இருபதாம் நூற்றாண்டிலோ, இரத்தமேற்றலும் தூய்மை செய்யாத ஊசியும் அதற்குப் பெருவழி திறந்தன.

எகிப்தின் கதை நெஞ்சை உலுக்குவது. நைல் நதிப் பாய்ச்சல் நீரில் நின்று உழைத்த உழவரைப் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி நோய் வாட்டியது. அதைத் தீர்க்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஊரூராக நரம்பில் ஊசிமருந்து ஏற்றினர். ஒரே ஊசி பல உடல்களிற் புகுந்தது. நோய் தீர்க்கப் புகுந்த ஊசியே நான்காம் வகைக் கிருமியை விதைத்தது. 2008இல், 15 முதல் 59 வயது வரையினரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் இரத்தத்தில் அதன் சுவடு இருந்தது. அவ்வுழவர் செய்த குற்றம் யாது? மருத்துவரை நம்பிக் கை நீட்டியதே!

இந்நோயாளரைக் கண்டு 'என்ன ஒழுக்கமோ' என முகஞ்சுளிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். தடுப்பூசி இன்னும் இல்லை. ஆயினும் சில வார மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமடைகின்றனர். எகிப்திய அரசே 2018, 2019இல் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்து, நோயுற்றோருக்கு இலவசமாக மருந்தளித்தது. ஏழை உழவனின் உடலில் அரசு விதைத்த நோயை அரசே களைந்தெடுக்க முடியும் என்பதற்கு அந்நாடே சான்று.