கல்பாக்கம் காந்த மூளைப்பதிவு

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான மூளைப்பதிவு முயற்சி. 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய இந்நிறுவனம் 1985இல் இப்பெயர் பெற்றது. அதிவேக ஈனுலைக்காக எழுந்த ஒரு மையத்தில் மூளையின் காந்தத்தை அளந்தார்கள் என்பது பலருக்கும் தெரியாதது, தெரிந்திருக்க வேண்டியது.

நரம்பணுக்கள் கூட்டமாக இயங்கும்போது மண்டைக்கு வெளியே எழும் காந்தப்புலம், புவியின் புலத்தில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கே. 1968இல் அமெரிக்காவின் டேவிட் கோஹன் கம்பிச் சுருளால் அதைப் பதிந்தார். 1972இல் ஸ்குவிட் என்னும் மீகடத்தி உணரியைக் கொண்டு தெளிவாகப் பதிந்தார்.

அந்த உணரியை வாங்காமல் தாங்களே செய்ததுதான் கல்பாக்கத்தாரின் சாதனை. நயோபியம் மென்படலங்களால் ஆன உணரிகளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். புறக்காந்தம் புகாத தனி அறையும் அமைத்தார்கள். உலோகத்துக்குள் மறைந்திருக்கும் குறைகளைத் தேடவும் இதயத்தின் காந்தத்தைப் பதியவும் உதவிய அதே நுட்பம், பின்னர் தலை முழுவதையும் சூழும் பல உணரித் தொகுதியாக வளர்ந்தது.

இந்தக் காந்தப்பதிவு பயன்படும் ஓர் இடம் அசைவுக் கோளாறுகள். அவற்றைப் படிக்க இம்முறை ஏன் தேவை? பார்க்கின்சன் நோயில் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். ரத்த ஓட்டத்தைத் தொடரும் எஃப்.எம்.ஆர்.ஐ. சில நொடிகள் பின்தங்குவதால் இந்தத் தாளத்தைப் பிடிக்க முடியாது. காந்தப்பதிவோ மில்லிநொடிக் கணக்கில் தொடர்கிறது. 1996இல் வோல்க்மன், லினாஸ் உள்ளிட்ட குழுவினர் மூளையின் இயக்கப் புறணியும் தலாமஸும் கை நடுக்கத்தோடு ஒத்திசைந்து துடிப்பதை இம்முறையால் காட்டினர். இந்நோயில் மூளையின் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைவதைக் காண மட்டும் பெட் ஸ்கேன் போன்ற வேறு முறை வேண்டும். 1983இல் கனடாவில் அதற்கு வழி பிறந்தது.

ஆழத்திலுள்ள பகுதிகளின் புலம் மேலே வருவதற்குள் தேய்ந்துவிடும் என்பது இம்முறையின் குறை. அதைவிடப் பெரிய இடர், தலை அசையாமல் இருக்க வேண்டும் என்பது. நடுக்கம் உள்ளவரிடமே அதைக் கேட்க வேண்டியிருந்தது. ஹீலியம் வேண்டாத, தலையில் அணியும் உணரிகளை 2018இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் குழு பயன்படுத்தியபோது, அணிந்தவர் தலையாட்டினார், பானம் பருகினார், பந்தடித்தார், பதிவு தொடர்ந்தது.