வாக்குச்சீட்டும் அடிமை விலங்கும்

வரலாற்றுப் புதினம் என்றதும் அரண்மனையும் அகழியும் வாட்போரும் தமிழ் வாசகர் நினைவில் எழுதல் இயல்பு. மன்னர் எவரும் ஆளாத ஒரு புல்வெளியோ அமெரிக்கப் புதினங்கள் பலவற்றுக்குக் களமாய் அமைந்தது. அதுவே கான்சாஸ்.

லூசியானா நிலப்பரப்பில், மிசூரி நீங்கலாக, 36 பாகை 30 கலை அட்சக்கோட்டிற்கு வடக்கே அடிமை முறை கூடாது என 1820ஆம் ஆண்டின் உடன்பாடு விதித்திருந்தது. செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொணர்ந்த 1854ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் குடியேறுவோரே அதனை முடிவு செய்யட்டும் என்றது அச்சட்டம். மேலோட்டமாக நோக்கின் இது குடியாட்சி நெறியாகவே தோன்றும். விளைந்ததோ குருதிப் பெருக்கு.

வாக்கே தீர்ப்பு எனின், வாக்கைப் பெருக்குவதே வெற்றிக்கு வழியாகிறது. அடிமை முறையை எதிர்த்தோர் வடக்கிலிருந்து வந்து குடியேறினர்; ஆதரித்தோர் அண்டை மிசூரியிலிருந்து ஆயுதம் தாங்கி எல்லை கடந்தனர். 1855 மார்ச் தேர்தலின்போது வாக்குரிமை உடையோர் ஏறத்தாழ 2,900 பேர். பதிவான வாக்குகளோ 6,000க்கும் மேற்பட்டவை. 1856 மே 21இல் லாரன்ஸ் நகர் சூறையாடப்பட்டது. மே 24ஆம் நாள் இரவில், ஜான் பிரவுன் குழுவினர் பொட்டாவட்டோமி ஓடையருகே ஐவரை வீடுகளினின்று வெளியே கொணர்ந்து கொன்றனர். 1861 ஜனவரி 29இல் கான்சாஸ் அடிமை முறையற்ற மாநிலமாயிற்று; அவ்வாண்டு ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது.

இதனை நல்லோர்க்கும் தீயோர்க்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகத் தீட்டுதல் எளிது. ஆயினும், அடிமை முறையை எதிர்த்தோர் அனைவரும் கறுப்பினத்தாரைச் சமமாக மதித்தவரல்லர். அவர்கள் 1855இல் டொபீகா அரசமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டபோது, கறுப்பினத்தார் கான்சாஸுக்குள் வரலாகாது என்னும் விதியும் உடன் வைக்கப்பட்டு நிறைவேறியது. பழங்குடியினரோ ஒப்பந்தங்களின் வழித் தம் நிலத்தை இழந்தனர். எவருடைய விடுதலை வாக்கெடுப்புக்கு உரியதாயிற்றோ, அவ்வடிமைகளுக்கு வாக்கே இல்லை.

இந்த மௌனத்திற்கு மொழி தருவதே புதினத்தின் பணி. ஜேம்ஸ் மெக்பிரைட் 2013இல் வெளியிட்ட 'தி குட் லார்ட் பேர்ட்' என்னும் புதினம், ஜான் பிரவுனின் கதையை ஓர் அடிமைச் சிறுவனின் வாய்மொழியாகக் கூறுகிறது. ஆவணம் வாக்குகளை எண்ணித் தருகிறது. புதினம் எண்ணப்படாதவரைக் காட்டுகிறது. இவ்வரலாற்றைப் பயிற்றும் ஆசிரியர், எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதோடு, எவருக்கு வாக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.